கரையைச் சுரண்டினால் வெள்ளம் வடியுமா?

புரட்டாசி பிறந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது, கால்வாய்க் கரையில் பொக்லைன் வந்து நின்றுவிடும். தரை வெடித்துக் கிடந்த சித்திரையில் வராது. வைகாசி, ஆனியில் வராது. ஐப்பசி மழைக்கு மூன்று வாரம் இருக்கும்போதுதான் 'போர்க்கால அடிப்படையில் தூர்வாரும் பணி' என்று செய்தி வரும், அதன் பின்னாலேயே வண்டியும் வரும். வந்த வண்டி சில நாளில் கிலோமீட்டர் கணக்கில் கரையை மழித்துவிட்டுப் போகும். கோரை போகும், சம்பு போகும், நாணல் போகும், கரை மண்ணைப் பிடித்துவைத்திருந்த தாழையும் நுணாவும் வேரோடு போகும். அவற்றுக்குள் கூடு கட்டிக் குஞ்சு வைத்திருந்தவை எல்லாம் சேற்றோடு சேர்ந்து கரைமேல் கொட்டப்படும். பிறகு மழை வரும். கொட்டிய மண் கரைந்து கால்வாய்க்குள்ளேயே திரும்ப இறங்கும். ஊருக்குள் தண்ணீர் வரும். அடுத்த புரட்டாசியில் மறுபடி அதே வண்டி, அதே கரை.

எத்தனை வருஷம் இதைப் பார்த்துக்கொண்டிருப்பது? வயிறு எரிகிறது.

நான் செய்யூர்க்காரன். எங்கள் பக்கம் தண்ணீர் போகிற வழி தெரிந்தால்தான் என் ஆத்திரம் புரியும். மேற்கே ஏரி ஏரியாக நிரம்பி, கலங்கல் வழிந்து, ஓடைகளாக இறங்கும் தண்ணீர் கிழக்கே வந்து பக்கிங்காம் கால்வாயிலும் ஓதியூர்க் கழியிலும் சேர்கிறது. கடலுக்கும் கழிக்கும் நடுவே மணல்மேடு. அந்த மணலை வெள்ளம் உடைத்துக்கொண்டு போனால்தான் மேலே இருப்பவர்களுக்கு மூச்சு. உடையாவிட்டால் தண்ணீர் பின்வாங்கி வயலில் ஏறும், தெருவில் ஏறும். பனையூர், முதலியார்குப்பம், பரமன்கேணி, கடப்பாக்கம் என்று கடலோரத்தில் இருக்கிற எவருக்கும் இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெங்கல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது இந்தக் கடலோரம் முழுக்க என்ன பாடுபட்டது என்பதும் மறந்திருக்காது. வெள்ளம் வராமல் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு யாரோடும் சண்டை இல்லை. என் வீட்டு வாசலிலும் தண்ணீர் நின்றிருக்கிறது. சண்டையெல்லாம், வெள்ளத்தைத் தடுக்கிறேன் என்று சொல்லி வெள்ளத்தைத் தடுக்காத வேலையைச் செய்வதோடுதான்.

எங்கள் பக்கத்து ஓடை ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். ஓடையின் குறுக்கே மூன்று கண் வைத்த ஒரு சிறுபாலம். மூன்றில் இரண்டு கண் அடைத்துக் கிடந்தது. வாழைத்தண்டு, பிளாஸ்டிக் மூட்டை, பழைய மெத்தை, இறைச்சிக் கடைக் கழிவு, கல்யாண மண்டபத்துத் தெர்மாகோல் தட்டு, எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு பாறைபோல் இறுகியிருந்தது. வண்டி வந்தது. பாலத்தைத் தாண்டிப் போய், அதற்கு மேலே இரு கரையிலும் இருந்த சம்புக்காட்டை அள்ள ஆரம்பித்தது. நான் ஓடிப்போய் ஓட்டுநரைக் கேட்டேன்.

"தம்பி, தண்ணி நிக்கிறது பாலத்துல. அந்தக் கண்ண எடுத்துட்டு அப்புறமா இந்தக் கோரைக்கு வாயேன்."

"பாலத்துக்கு அடியில வண்டி கை போவாதுண்ணா. ஆளு இறங்கித்தான் எடுக்கணும். ஆளுக்கு எஸ்டிமேட்ல காசு இல்லன்னுட்டாங்க."

"அதுல குஞ்சு இருக்குப்பா. கானாங்கோழி."

"தெரியுதுண்ணா. காலைலேர்ந்து பார்த்துக்கிட்டுதான் இருக்கேன். நான் என்ன பண்றது? எனக்கு மணிக்கணக்கு. கரை சுத்தமா தெரியணும், போட்டோ எடுக்கணும்னு சொல்லியிருக்காங்க."

அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கன்னங்கரேலென்று பஞ்சுபோல் இருந்த நான்கைந்து குஞ்சுகள் சேற்றில் தத்தித் தத்தி ஓடியதைப் பார்த்து அவன்தான் முதலில் வண்டியை நிறுத்தினான். பத்து நிமிஷம் நிறுத்தினான். பிறகு போன் வந்தது, மறுபடி ஓட்டினான். அந்த ஐப்பசியில் பாலத்தில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்று, வடக்குப் பக்கத்து வயல் ஒரு வாரம் முழுகிக் கிடந்தது. மழித்த கரை மூன்று இடத்தில் சரிந்தது. வேலை முடிந்ததாக அளவுப் புத்தகத்தில் எழுதியாகிவிட்டது. யாரைப் போய்க் கேட்பது?

இதைச் சின்ன ஊரின் சின்ன ஓடைச் சமாசாரம் என்று தள்ளிவிடாதீர்கள். இதே பக்கிங்காம் கால்வாய்தான் வடக்கே போய்ச் சென்னை மாநகரத்தின் வெள்ள வடிகாலாக நிற்கிறது. 1806இல் பேசில் காக்ரேன் என்ற வணிகர் சென்னையிலிருந்து எண்ணூர்வரை வெட்டியதில் தொடங்கி, ஆந்திராவிலிருந்து மரக்காணம்வரை சுமார் 420 கி.மீ. நீண்ட கால்வாய் இது. சென்னைக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியைத் தாது வருஷப் பஞ்சத்தில், 1876 - 78இல், பட்டினியில் வாடிய ஜனங்கள் கூலிக்கு வெட்டினார்கள். அப்போது ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர்தான் கால்வாய்க்கு நிலைத்தது. உப்பும் விறகும் படகில் ஏற்றிப் பட்டணத்துக்குப் போன வழி அது. படகு நின்று பல பத்தாண்டு ஆயிற்று. 2004 சுனாமியின்போது அலையோடு ஏறிவந்த தண்ணீரைப் பல இடங்களில் இந்தக் கால்வாய் வாங்கிக்கொண்டதாக ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். மரக்காணம் பக்கம் உப்பளமும் பூநாரையுமாக இருக்கிற அதே கால்வாய், சென்னைக்குள் நுழைந்ததும் சாக்கடை. பறக்கும் ரயிலின் தூண்களும் நிலையங்களும் கால்வாய்க்குள்ளேயே இறங்கியிருக்கின்றன. கால்வாயின் அகலத்தைக் கோரை தின்றதா, கான்கிரீட் தின்றதா என்று மயிலாப்பூரில் நின்று பார்க்கிற எவரும் சொல்லிவிடலாம்.

தெற்கே வந்தால் பள்ளிக்கரணை. தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், வேளச்சேரி என்று சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பின் தண்ணீர் அந்தச் சதுப்பில் வந்து இறங்குகிறது. ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர் விரிந்திருந்த சதுப்பு அது. குப்பைமேடு, கல்வி நிறுவனங்கள், ஐ.டி. கட்டடங்கள், நெடுஞ்சாலை என்று ஒவ்வொன்றாக ஏறி, பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் இன்று மிச்சம் இருக்கிறது. 2007இல் அதில் ஒரு பகுதி காப்புக்காடாக ஆனது, 2022இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் தலமாக ஆனது. அந்தச் சதுப்பின் தண்ணீர் வெளியேற ஒக்கியம் மடுவை விட்டால் வேறு பெரிய வழி கிடையாது. மடுவில் இறங்கிய தண்ணீர் தெற்கு பக்கிங்காம் கால்வாயில் திரும்பி, சுமார் 15 கி.மீ. ஓடி, முட்டுக்காட்டில்தான் கடலைப் பார்க்கும். நிலம் தட்டையானது. சரிவே இல்லை என்று சொல்லலாம். கடல் ஏற்றத்தில் இருந்தால் தண்ணீர் நகராது, முகத்துவாரத்தில் மணல் மூடியிருந்தால் நகராது, நடுவில் ஒரு பாலம் குறுகியிருந்தால் நகராது.

2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. இரண்டு முறையும் பள்ளிக்கரணையையும் வேளச்சேரியையும் பெரும்பாக்கத்தையும் ஒட்டியிருந்த வீடுகளில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. ஒவ்வொரு முறையும் வெள்ளம் வடிந்தபின் முதலில் பழி விழுவது ஆகாயத்தாமரைமேலும் சம்புமேலும்தான். அதற்குக் காரணம் இருக்கிறது. செடிக்குப் பட்டா கிடையாது. வழக்குப் போடாது. தடையாணை வாங்காது. சதுப்பில் கட்டடம் கட்டியவரைத் தொட வருஷக்கணக்கில் நீதிமன்றத்துக்கு நடக்க வேண்டும். கோரையைத் தொட ஒரு வண்டியும் நான்கு நாளும் போதும்.

செடி வெள்ளத்தை மறிக்காது என்று நான் சொல்லவில்லை. மறிக்கும். சம்பு அடர்ந்து நடுநீரோட்டம்வரை ஏறிவிட்டால், அதே கால்வாயில் போகிற தண்ணீரின் அளவு பாதியாகக்கூடக் குறையும். எந்தப் பொறியாளரும் இதைக் கணக்கிட்டுக் காட்டுவார், அந்தக் கணக்கு சரி. ஆகாயத்தாமரையோ அதைவிட மோசம். பாலத்தின் கண்ணில் போய்ப் பாய்விரித்துத் தங்கும், அடியில் வெளிச்சமும் காற்றும் போகாமல் மீனைச் சாகடிக்கும், பறவைக்கும் அது உதவுவது கொஞ்சம்தான். ஆனால் ஆகாயத்தாமரை எதைத் தின்று வளர்கிறது? சாக்கடையைத் தின்று. கழிவுநீர்க் குழாயைக் கால்வாய்க்குள் விட்டுக்கொண்டே செடியை மட்டும் அள்ளினால், அள்ளிய சில வாரத்தில் அது மறுபடி மூடும். ஆம்பிபியன் வண்டி ஒரு முனையிலிருந்து அள்ளிக்கொண்டு மறுமுனைக்குப் போவதற்குள் முதல் முனையில் பச்சை படர்ந்திருக்கும். இதைச் சென்னையின் எந்தக் கால்வாயிலும் பார்க்கலாம். அந்த வண்டிக்கு ஆகிற செலவில் பாதியையாவது குழாய்களை மூடுவதற்குப் போடக் கூடாதா?

எதிர்ப்பக்கமும் எனக்கு வருத்தம் உண்டு. பறவைக்காகப் பேசுகிறோம் என்று சொல்லும் சிலர், எதையும் தொடாதே என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தொடாத கால்வாயில் சீமைக்கருவேலம் ஏறும், நெய்வேலிக் காட்டாமணக்கு ஏறும், மண் மேடிடும், கடைசியில் அது கால்வாயாகவும் இருக்காது, சதுப்பாகவும் இருக்காது. மனிதன் வெட்டிய நீர்வழியை மனிதன்தான் பராமரிக்க வேண்டும். எப்போது, எவ்வளவு, எந்தப் பக்கம் என்பதைத்தான் நாம் பேசவே இல்லை.

'எப்போது' என்பதை எடுத்துக்கொள்வோம். தாழைக்கோழி, கானாங்கோழி, முக்குளிப்பான், தூக்கணாங்குருவி எல்லாம் மழையை ஒட்டிக் கூடு கட்டுபவை. நாணலும் சம்பும் தழைத்து நிற்கிற ஆடி முதல் ஐப்பசிவரை கரையோரம் அவற்றின் பிள்ளைப்பேறு நடக்கிற இடம். ஐப்பசி, கார்த்திகையில் வடக்கிலிருந்து உள்ளான் கூட்டங்கள் சேற்றுப் பரப்புக்கு வந்து சேரும், பங்குனிவரை இருக்கும். மார்கழி, தையில் வேடந்தாங்கலிலும் கரிக்கிலியிலும் கூடு வைத்திருக்கும் நத்தைக்குத்தி நாரையும் சங்குவளை நாரையும் குஞ்சுக்கு இரை தேடிச் சுற்றுவட்டார ஏரி, வயல், ஓடை எல்லாவற்றிலும் இறங்கும். கோடையில் தண்ணீர் வற்றிய தரையில் ஆள்காட்டியும் நெடுங்கால் உள்ளானும் வெறும் மண்ணிலேயே முட்டையிடும். ஆகப் பறவையே இல்லாத மாதம் என்று ஒன்று கிடையாது. ஆனாலும் மாசியிலிருந்து சித்திரைவரை கரையோரக் கோரைக்குள் கூடு மிகக் குறைவு, தண்ணீரும் குறைவு, மண் காய்ந்து இறுகியிருக்கும், வண்டி புதையாது, அள்ளிய வண்டலை விவசாயி வயலுக்கு ஓட்டிக்கொண்டு போகலாம். தரையில் முட்டை இருக்கும் இடத்தைச் சுற்றி நான்கு குச்சி நட்டு ஒதுக்கிவிட்டால் வேலை நிற்காது. நம் தாத்தாக்கள் குடிமராமத்து என்று ஊர்கூடிக் கால்வாய் வெட்டியது கோடையில்தான். அவர்கள் பறவையை எண்ணிச் செய்தார்களா என்று தெரியாது, ஆனால் காலம் தப்பாமல் செய்தார்கள்.

இன்று ஏன் புரட்டாசி? விசாரித்தால் யாரும் மறைக்காமல் சொல்கிறார்கள். ஏப்ரலில் நிதியாண்டு பிறக்கும். மதிப்பீடு தயாரிக்க வேண்டும், நிர்வாக அனுமதி வர வேண்டும், தொழில்நுட்ப அனுமதி வர வேண்டும், டெண்டர் விட வேண்டும், ஒப்பந்தம் போட வேண்டும். எல்லாம் முடிய ஆகஸ்ட், செப்டம்பர். மழை அக்டோபரில். ஒவ்வொரு வருஷமும் இதே தேதிகள். வடகிழக்குப் பருவமழை எப்போது வரும் என்பது இந்த மாநிலத்தில் ரகசியமா? ஒரு வருஷ நிதியில் அடுத்த வருஷக் கோடை வேலைக்கு முன்கூட்டியே அனுமதி கொடுப்பதற்கு எந்தச் சட்டம் குறுக்கே நிற்கிறது? ஒரு காகிதத்தின் தேதியை ஆறு மாதம் முன்னால் நகர்த்த முடியாமல்தான் ஆயிரக்கணக்கான கூடுகளை அழிக்கிறோம், கரையையும் சரியவிடுகிறோம். நினைக்க நினைக்க ஆறவில்லை.

'எவ்வளவு, எந்தப் பக்கம்' என்பதற்கும் விடை புதிதல்ல. நடுநீரோட்டத்தை முழுதாகத் திறந்துவை. ஒரு கரையை இந்த வருஷம் வெட்டு, எதிர்க்கரையை அடுத்த வருஷம் வெட்டு. வெட்டும்போது வேரை விட்டுவை, வேர்தான் கரையைப் பிடிக்கிறது. நூறு மீட்டருக்கு ஒருமுறை ஒரு திட்டைத் தொடாமல் விடு, அங்கிருந்து தவளையும் மீனும் பறவையும் மறுபடி பரவும். அள்ளிய மண்ணைக் கரைமேல் போடாதே, அன்றன்றைக்கே எடுத்துக்கொண்டு போ. கடல் தண்ணீர் ஏறி இறங்கும் கால்வாயில் கடல் மட்டத்துக்குக் கீழே தோண்டிக்கொண்டே போவதில் பயன் குறைவு. தோண்டிய பள்ளத்தைக் கடல் நீர் நிரப்பிக்கொள்ளும், உப்பு உள்நாட்டுக்கு ஏறும். எங்கள் பக்கத்து மணல்பாங்கான ஊர்களில் ஒரு கிணறு உவர்த்துப்போனால் அது திரும்ப இனிப்பதற்கு எத்தனை மழை வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும்.

இப்படிச் செய்தால் நகரம் முழுகிவிடும் என்று பயமுறுத்துகிறவர்கள் சிங்கப்பூரில் இருக்கும் நம் சொந்தக்காரர்களைக் கேட்கட்டும். அங்கே பிஷான் - ஆங் மோ கியோ பூங்காவை ஒட்டி 2.7 கி.மீ. நீளத்துக்கு நேர்கோடாக ஒரு கான்கிரீட் வெள்ள வாய்க்கால் ஓடியது. அதை உடைத்து, 3.2 கி.மீ. நீளத்துக்கு வளைந்து நெளியும் ஆறாக மாற்றி 2012இல் திறந்தார்கள். செடி, கல், வேர் இவற்றை வைத்தே கரையைக் கட்டினார்கள். மழை பெய்தால் ஆறு விரிந்து புல்வெளியில் ஏறும், மழை விட்டால் இறங்கும். நீர்நாய்க் குடும்பம் ஒன்று அங்கே குடியேறி, ஊரே வேடிக்கை பார்த்தது. மறுபக்கம் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ். 1938 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றையே கான்கிரீட்டால் பூசியவர்கள். அங்கே செபுல்வேதா என்ற வெள்ளத்தேக்கப் பகுதியில், 2012 டிசம்பரில், ராணுவப் பொறியாளர் படை சுமார் 43 ஏக்கர் பறவை வாழிடத்தை வண்டி விட்டு மழித்தது. பறவை ஆர்வலர்களும் ஊர்க்காரர்களும் கொதித்துப்போனார்கள். பணமும் அறிவும் நிறைந்த தேசத்திலேயே சொல்லாமல் கொள்ளாமல் வண்டி வந்தால் இதுதான் நடக்கும். அங்கே நடந்தது இங்கே வருஷாவருஷம் நடக்கிறது, செய்தியில்கூட வருவதில்லை.

ஆனால் எனக்குச் சிங்கப்பூர்கூட வேண்டாம். எங்கள் மாவட்டத்திலேயே வேடந்தாங்கல் இருக்கிறது. அது பாசன ஏரி. மதகு திறந்து வயலுக்குத் தண்ணீர் விடுகிற ஏரி. அந்த ஊர்க்காரர்கள் பறவையைச் சுட விடமாட்டோம் என்று வெள்ளைக்காரனிடமே மல்லுக்கு நின்று, 1798இல் அன்றைய செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் உரிமை வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் பயிருக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இருநூறு வருஷத்துக்கு மேலாக ஒரே ஏரி பயிரையும் காக்கிறது, பறவையையும் காக்கிறது. அந்த ஏரியும் கரிக்கிலியும் 2022இல் ராம்சர் தலங்களாயின, எல்லோரும் பெருமைப்பட்டோம். கூடு மட்டும் அங்கே பத்திரமாக இருந்தால் போதுமா? குஞ்சுக்கு ஊட்ட நத்தையும் மீனும் வெளியே உள்ள ஏரியிலிருந்தும் ஓடையிலிருந்தும்தானே வர வேண்டும்? வேலிக்குள்ளே கூட்டைக் காவல் காத்துக்கொண்டு, வேலிக்கு வெளியே இரையை வண்டி வைத்து அள்ளிக்கொண்டிருக்கிறோம்.

இரை என்றதும் மனிதர்களையும் சொல்ல வேண்டும். இந்தக் கழிகளிலும் பக்கிங்காம் கால்வாயிலும் இருளர் பெண்கள் இடுப்பளவு, மார்பளவுத் தண்ணீரில் இறங்கி, வெறும் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போட ஒரு ஓலைப் பறி, அதைப் பல்லில் கடித்துக்கொண்டே பிடிப்பார்கள். இறால் குஞ்சு ஒதுங்குவது கரையோரச் செடியின் வேரில். கரையைச் செங்குத்தாக வெட்டிவிட்டால் கால் வைக்க ஆழமில்லாத இடமும் இல்லை, இறால் ஒதுங்க வேரும் இல்லை. தூர்வாரும் திட்டத்தின் எந்தக் காகிதத்திலாவது இந்தப் பெண்களைக் கேட்டோம் என்று ஒரு வரி இருக்கிறதா? தண்ணீர் எந்த இடத்தில் தேங்கும், எந்த மணல்மேடு எந்தக் காற்றில் மூடும், எங்கே ஒரு வெட்டு வெட்டினால் போதும் என்று அவர்களைவிடத் தெரிந்தவர் யார்?

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதையும் கூட்டைக் கலைப்பதையும் வேட்டை என்ற கணக்கிலேயே வைக்கிறது. ஆனால் தூர்வாரும் வண்டியைப் பார்த்து வேட்டை என்று சொல்ல யாருக்கும் வாய் வருவதில்லை. 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகளை எடுத்துப் பார்த்தால், ஆற்றுப் போக்குகளும் பாசனத்துக்கென வெட்டிய நீர்நிலைகளும் ஈரநிலம் என்ற கணக்கிலேயே சேரவில்லை. ஆகச் சதுப்பு காக்கப்படும், சதுப்புக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலும் தண்ணீர் போகும் வாய்க்காலும் காக்கப்படாது. ஏரி ஒரு துறை, காப்புக்காடு ஒரு துறை, மழைநீர் வடிகால் உள்ளாட்சி, பாலம் நெடுஞ்சாலைத் துறை. தண்ணீர் ஒன்றுதான். அது ஒரு துறையின் எல்லையில் நின்று கையெழுத்துக் கேட்டுவிட்டா அடுத்த துறைக்குள் நுழைகிறது?

பள்ளிக்கரணையிலிருந்து முட்டுக்காடுவரை ஒரே ஆள் நடந்து பார்த்து, எங்கே பாலம் குறுகல், எங்கே குழாய் சாக்கடை விடுகிறது, எங்கே மணல் மூடுகிறது, எங்கே கோரையை வெட்டியே ஆக வேண்டும், எங்கே வெட்டக் கூடாது என்று ஒரே வரைபடத்தில் குறித்தால், வெட்ட வேண்டிய இடம் இன்று வெட்டுவதில் பாதிகூட வராது என்பது என் நம்பிக்கை. எங்கள் ஓடைக்கும் கழிக்கும் அதேதான். மழைக்கு முன் முகத்துவாரத்து மணலைத் திறப்பதும், பாலத்துக் கண்களை ஆள்விட்டுச் சுத்தம் செய்வதும் செய்யூர் வயல்களுக்குச் செய்கிற நன்மையைப் பத்துக் கிலோமீட்டர் கரையை மழிப்பது செய்யாது. மணலைத் திறக்கவும் கண்களைச் சுத்தம் செய்யவும் ஆகும் செலவும் குறைவு. குறைந்த செலவில், கூட்டைக் கலைக்காமல், வெள்ளத்தையும் வடிக்க வழி இருக்கும்போது, கூடுதல் செலவில் எல்லாவற்றையும் கெடுக்கிற வழியைத்தான் தேர்ந்தெடுப்போம் என்றால் மனசு எப்படி ஆறும்?

நீர்வளத் துறையிலும் வனத் துறையிலும் இதைப் படிக்கிறவர்கள் யாராவது இருந்தால் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். தையில் இரண்டு துறைக்காரர்களும் ஒன்றாக வந்து கரையில் நடங்கள். ஊர்ப் பெரியவர் ஒருவரையும், கழியில் இறால் பிடிக்கும் அம்மா ஒருவரையும் கூட அழைத்துக்கொள்ளுங்கள். மாசிக்குள் டெண்டர் விடுங்கள். அந்த டெண்டரில் மூன்று வரி சேருங்கள்: பாலத்துக் கண்களை முதலில் ஆள் வைத்துச் சுத்தம் செய்ய வேண்டும், ஒரு வருஷத்தில் ஒரு கரையை மட்டும்தான் வெட்ட வேண்டும், அள்ளிய மண் கரையில் இருந்தால் பணம் கிடையாது. உங்கள் ஊரிலும் இப்படி ஒரு வாய்க்கால் இருக்கிறதா? அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இதே மூன்றையும் தீர்மானமாக எழுதிக் கொடுங்கள். ஜனவரி 26 அன்று ஒரு கிராம சபை கூடுகிறது. கோடை வேலைக்குக் கேட்பதற்கு அதுதான் சரியான நாள்.